முப்பத்தேழு மார்க்கு மாசிலாமணி

சென்ற மாதம் என் பழைய அலுவலகத்திலிருந்து இரண்டு இளைஞர்கள் வீட்டுக்கு வந்தார்கள். ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழுக்கான செய்முறைத் தேர்வில் தேர்ச்சி எல்லையை மாற்றப்போகிறார்களாம். மாற்றும் முன், பழைய எல்லை ஏன் முப்பத்தேழாக இருந்தது என்று ஒரு குறிப்பு எழுதும்படி மேலதிகாரி கேட்டிருக்கிறார். முப்பத்தைந்து என்றால் புரியும், நாற்பது என்றால் புரியும். முப்பத்தேழு எப்படி வந்தது? கோப்புகளில் விடை இல்லை.

"ஏதாவது பெரிய புள்ளிவிவரக் கணக்கா சார்?" என்று ஒருவர் கேட்டார்.

"இல்லை தம்பி. காலடிப்பேட்டையில் ஒரு மனிதர் இருந்தார்" என்றேன்.

கிழவர் வேறு ஏதோ பேசுகிறார் என்று நினைத்திருக்க வேண்டும். காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நான் நாட்குறிப்பு வைத்திருக்கிறேன். அன்றைய வானிலை, அலுவலகம் போய்ச் சேர்ந்த நேரம், படித்துக்கொண்டிருக்கும் புத்தகத்தின் பக்க எண், இந்த மூன்றும் ஒரு நாளும் விட்டுப்போனதில்லை. கீழே வரும் கிழமைகளும் நேரங்களும் அதிலிருந்து எடுத்தவை.

நான் சேர்ந்தது 1943இல். குண்டு விழும் என்று பயந்து பட்டணத்தில் பலர் ஊரைவிட்டுப் போயிருந்த சமயம். வேலை எளிதாகக் கிடைத்தது. முதல் மூன்று வருடங்கள் கூட்டல் மட்டுமே செய்தேன். மதிப்பெண் தாளில் மேலிருந்து கீழே ஒரு முறை கூட்ட வேண்டும், கீழிருந்து மேலே ஒரு முறை கூட்ட வேண்டும். இரண்டு தொகையும் ஒத்துவந்தால்தான் சிவப்பு மையைத் தொடலாம். இதுதான் எனக்குக் கிடைத்த பயிற்சி முழுவதும்.

எங்கள் தேர்வுப் பிரிவு ராயபுரத்தில், கல்மண்டபத்துக்கு அருகே, ஒரு மிளகாய்க் கிடங்கின் மாடியில் இருந்தது. கீழே குண்டூர் மிளகாய் மூட்டைகளைப் புரட்டும் நாட்களில் மேலே நாங்கள் எல்லோரும் தும்முவோம், கண்ணீர் விடுவோம். தேர்வில் தோற்றவர்கள் மனு கொடுக்க வருவார்கள். தங்கள் கதையைச் சொல்லும்போதே எழுத்தர்கள் வரிசையாக அழுவதைப் பார்த்து, மனம் நெகிழ்ந்து, கேட்க வந்ததைக் கேட்காமலே திரும்பிப் போவார்கள்.

அப்போது தேர்ச்சி எல்லையை வகுத்த முறையையும் சொல்லிவிடுகிறேன். மதிப்பெண் பட்டியலை மேலிருந்து கீழாக இறங்குவரிசையில் எழுதுவோம். எத்தனை ஆசிரியர் வேண்டும் என்று மேலிடத்திலிருந்து ஓர் எண் வரும். மேலிருந்து அத்தனை பேரை எண்ணி, அந்த இடத்தில் அடிக்கோல் வைத்து ஒரு கோடு இழுப்போம். கோட்டுக்கு மேலே இருப்பவர் ஆசிரியர், கீழே இருப்பவர் ஆசிரியர் அல்லர். ஒரு வருடம் தேவை அதிகமாக இருந்ததால், தேர்வுக்கே வராத ஒருவரும் கோட்டுக்கு மேலே வந்துவிட்டார்.

1951 ஏப்ரலில் தனி அலுவலராக வரதராஜுலு வந்து சேர்ந்தார். அதற்கு முன் இருபது வருடம் எடை, அளவைகளுக்கு முத்திரை போடும் பிரிவில் இருந்தவர். கொத்தவால் சாவடி முதல் எண்ணூர் வரை கடைகளில் இருந்த படிகளையெல்லாம் கையில் எடுத்துப் பார்த்தவர். எதை எடுத்தாலும் முதலில் கவிழ்த்து அடிப்பாகத்தைப் பார்ப்பார். மைக்கூடு, காபி டம்ளர், ஒருமுறை என் தொப்பி. யாரையும் ஒருமையில் அழைக்கமாட்டார், எல்லோருக்கும் 'நீர்'தான். கூட்டல் சரிபார்க்கும்போது எப்போதும் கீழிருந்து மேலே போவார். மேலிருந்து கீழே எனக்கு.

கோடு இழுக்கும் முறையைக் காட்டியதும் அவர் முகம் கறுத்துவிட்டது.

"ஏகாம்பரம், இது கடைக்காரன் தராசுத் தட்டில் விரலை வைக்கிற மாதிரி இருக்கிறதே!"

"வழக்கமா இப்படித்தான் சார்."

"ஊரிலுள்ள படிக்கெல்லாம் மூலமாக ஒரு பித்தளைப் படி உண்டு. பெட்டியில் பூட்டி வைத்திருப்போம். எந்தப் படியையும் அதோடு ஒப்பிட்டுத்தான் முத்திரை குத்துவோம். வாத்தியாருக்கு மூலப்படி எங்கே?"

"இல்லை சார்."

"அப்போது இத்தனை வருடமும் எதை வைத்து அளந்தீர்?"

கீழே யாரோ மூட்டையைப் புரட்டினார்கள். இருவரும் தும்மினோம்.

அடுத்த மூன்று வாரம் நானும் அவரும் பழைய ஆய்வு அறிக்கைகளைப் படித்தோம். அவருக்கு வேண்டியது சிறந்த ஆசிரியர் இல்லை. மோசமான ஆசிரியரும் இல்லை. இதற்குக் கீழே ஓர் இம்மி குறைந்தாலும் வகுப்பில் நிற்கத் தகுதியில்லை என்று சொல்லக்கூடிய, சரியாக எல்லையில் நிற்கும் ஒருவர். மே மாதம் இரண்டாம் செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றே காலுக்கு அவர் கிடைத்தார். பெயர் மாசிலாமணி. காலடிப்பேட்டையில் ரயில் பாதையை ஒட்டிய தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்புக்கு ஆசிரியர். பதினோரு ஆண்டுகளுக்கான அறிக்கைகள். ஐந்து வேறு வேறு ஆய்வாளர்கள், ஐந்து வேறு கையெழுத்துகள். பதினொன்றிலும் ஒரே சொல்: 'பரவாயில்லை.'

வரதராஜுலு அந்தக் காகிதக்கட்டைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பார்த்தார். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அன்று மிளகாய் வந்திருக்கவில்லை என்பது என் குறிப்பில் இருக்கிறது.

மறுநாளே உத்தரவு தயாரானது. 'மேற்படி ஆசிரியர், மறு உத்தரவு வரும்வரை, தமது தற்போதைய தரத்தை உயர்த்தவோ தாழ்த்தவோ கூடாது.' அவர் நடத்தும் தேர்வுப் பாடத்துக்கு எத்தனை மதிப்பெண் கிடைக்கிறதோ, அதுவே எல்லோருக்கும் தேர்ச்சி எல்லை. உத்தரவைக் கொடுக்க வியாழக்கிழமை நானும் எங்கள் ப்யூன் சவரிமுத்துவும் காலடிப்பேட்டைக்குப் போனோம்.

அங்கே போன பிறகுதான் ஒன்று தெரிந்தது. மாசிலாமணி சான்றிதழ் இல்லாத தற்காலிக ஆசிரியர். ஜூன் கடைசிக்குள் சான்றிதழ் பெறாத தற்காலிக ஆசிரியர்களை நிறுத்திவிட வேண்டும் என்று ஏற்கெனவே உத்தரவு இருந்தது. அதனால் அவரே அந்த வருடத் தேர்வுக்குப் பணம் கட்டியிருந்தார். வயது நாற்பத்திரண்டு. வேலைக்கு வருவதற்கு முன் எண்ணூர் உப்பளத்தில் மூட்டை சுமந்தவர். வேலை போனால் மறுபடி அங்கேதான் போக வேண்டும். முதுகு அதற்கு ஒத்துழைக்காது. வீட்டில் ஆறு பேர்.

தேர்வுக்காகக் கோடை விடுமுறையிலும் பள்ளியைத் திறந்து வைத்திருந்தார்கள். நாங்கள் போனபோது அவர் கரும்பலகையின் இரு ஓரங்களிலும் ஆணி அடித்து, நூல் கட்டி, அந்த நூலை ஒட்டி எழுதிப் பழகிக்கொண்டிருந்தார். அவர் எழுத்து எப்போதும் வலப்பக்கம் சரியும். அதற்கு மதிப்பெண் குறைப்பார்கள். உத்தரவை இரண்டு முறை படித்தார்.

"உயர்த்தவோன்னு போட்டுகீதே சார். அப்ப நூலு?"

நான் யோசித்தேன். "நூல் கூடாதுன்னுதான் தோணுது."

அவர் நூலை அவிழ்த்து, சுருட்டி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

செய்தி எப்படியோ தொண்டையார்பேட்டை வரை பரவிவிட்டது. அந்த வருடம் தேர்வுக்குப் பணம் கட்டிய இருநூற்றுச் சொச்சம் பேரின் பிழைப்பும் இந்த ஒருவரின் பாடத்தில் தொங்கியது. அடுத்த வாரம் நான் போனபோது, அதே பள்ளியின் இன்னொரு தற்காலிக ஆசிரியர் எத்திராஜ், ஐஸ் போட்ட சர்பத்தை அவர் வாயருகே நீட்டிக்கொண்டு நின்றார்.

"குடி அண்ணாத்த. தொண்ட கட்டிக்கும். கொஞ்சமா கோட்டை வுடு, அவ்ளோதான். இருவது வாங்கினீன்னா ஊரே பாஸு."

"பசங்க எதிர்லியா? வேணாம் எத்திராஜு."

"பசங்களுக்கு இன்னா தெரியும்?"

"அதுங்களுக்குத்தான் தெரியும். ஆபீசருங்களுக்கு இன்னா தெரியும்?" என்றவர், நான் நிற்பதைப் பார்த்து, "தப்பா நெனைக்காதீங்க சார்" என்று சர்பத்தை என்னிடம் கொடுத்தார். குடித்தேன். எனக்குத்தான் தொண்டை கட்டியது.

மாசிலாமணியின் தேர்வு மே கடைசி வெள்ளிக்கிழமை. தேர்வாளர்கள் இருவர். ஒருவர், பயிற்சிப் பள்ளித் தலைமையாசிரியை ஞானாபரணம் அம்மையார்; கை தாராளம். மற்றவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் சோமசுந்தரம். தம் தமையன் மகனையே மூன்று முறை தோற்கடித்தவர். ஒவ்வொருவரிடமும் ஒரு தாள். குரல், கரும்பலகை எழுத்து, கேள்வி கேட்கும் முறை, வகுப்பு ஒழுங்கு என்று பத்துத் தலைப்புகள், ஒவ்வொன்றுக்கும் பத்து மதிப்பெண். இருவர் கொடுத்ததையும் கூட்டி, இரண்டால் வகுக்க வேண்டும். வரதராஜுலு முந்தைய ஆய்வின்போது இருந்த அதே நாற்காலிகளை, அதே இடத்தில் போடச் செய்தார். ஒரு நாற்காலிக்கு அன்று கால் உடைந்திருந்ததாகக் குறிப்பு இருந்ததால், இப்போது சரிசெய்யப்பட்டிருந்த அந்தக் காலைச் சவரிமுத்து மறுபடி உடைத்துக் கொண்டுவந்தான்.

பாடம், நங்கூரம். துறைமுகப் பக்கத்துப் பிள்ளைகள்; நங்கூரத்தைப் பற்றி ஆசிரியரைவிட அவர்களுக்கு அதிகம் தெரியும்.

"கப்பலை ஓரிடத்தில் நிறுத்தி வைப்பது நங்..." என்று மாசிலாமணி சொல்லும்போது கூடூர் பாசஞ்சர் வந்துவிட்டது. கூரை அதிர்ந்தது. அவர் வாயை அப்படியே வைத்துக்கொண்டு நின்றார். பதினெட்டுப் பெட்டிகளும் போய் முடிந்தன. "...கூரம்" என்றார். ஒரு பிள்ளையும் சிரிக்கவில்லை. அவர்களுக்கு அந்தச் சொல்லே அவ்வளவு நீளம்.

ஞானாபரணம் அம்மையார் நாற்பத்துமூன்று. சோமசுந்தரம் முப்பத்தொன்று. மேலிருந்து கீழே நான் கூட்டினேன், கீழிருந்து மேலே வரதராஜுலு கூட்டினார். எழுபத்துநான்கு, அதில் பாதி முப்பத்தேழு. தேர்ச்சி எல்லை பிறந்தது இப்படித்தான். ஜூன் இரண்டாம் வாரம் முடிவுகள் அச்சுக்குப் போயின. எத்திராஜ் நாற்பத்தொன்று வாங்கித் தேறினார். சரியாக முப்பத்தேழு வாங்கியவர்களும் தேறினார்கள். பட்டியலில் மாசிலாமணியின் பெயர் மட்டும் இல்லை.

திங்கட்கிழமை அவர் அலுவலகம் வந்தார். ஒரே சட்டை, துவைத்துக் காயாமல் போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

"அய்யா, என் பேரு வுட்டுப்போச்சு."

"விட்டுப்போகவில்லை. உமக்குச் சான்றிதழ் கொடுக்க முடியாது" என்றார் வரதராஜுலு, மிகுந்த மரியாதையோடு. எழுந்து நின்றுகொண்டே சொன்னார். "மூலப்படிக்கு யாரும் முத்திரை குத்துவதில்லை. எதோடு ஒப்பிட்டுக் குத்துவது? உம்மை எதோடு ஒப்பிடுவேன்?"

"முப்பத்தேழு வாங்கினவன் எல்லாம் பாஸு ஆயிட்டான். அது என் மார்க்குதானே?"

"உம்முடையதுதான். அதனால்தான் அவர்கள் தேறினார்கள்."

"அப்ப நானு?"

"நீர் தேறவும் இல்லை, தவறவும் இல்லை. நீர்தான் அளவு."

வாசலில் நின்ற சவரிமுத்துவால் பொறுக்க முடியவில்லை. "இன்னா சார் பேஜாரா கீது! ஊருக்கெல்லாம் சோறு அளந்த படி பட்டினி கெடக்கணுமா?"

"பெட்டிக்குள் இருக்கிற படிக்குப் பசிக்காது" என்றார் வரதராஜுலு. சொல்லிவிட்டு மாசிலாமணியைப் பார்த்தார். அந்த ஈரச் சட்டையைப் பார்த்தார். உட்கார்ந்துவிட்டார்.

விரல்நுனி எதையும் தொடும், தன்னைத் தொடாது என்று தருக்க நூல்களில் படித்திருக்கிறேன். அன்று அந்த விரல்நுனி எங்கள் மேசைக்கு முன்னால் நின்றது. ஜூன் முடிய பன்னிரண்டு நாள் இருந்தன.

அன்று மாலை நான் வரதராஜுலுவிடம் கேட்டேன். "மூலப்படி தேய்ந்துபோனால் உங்கள் பழைய பிரிவில் என்ன செய்வீர்கள் சார்?"

"மறுசோதனை செய்வோம். அளவு மாறியிருந்தால் பெட்டியிலிருந்து எடுத்துவிடுவோம். குறைந்திருந்தால் உருக்கிவிடுவோம். கூடுதலாக இருந்தால் சாதாரணப் படியாக முத்திரை குத்தி வெளியே விடலாம். புத்தகத்தில் இருக்கிறது."

"மாசிலாமணிக்கு மறுசோதனை உண்டா சார்?"

"விதி உண்டு" என்றார்.

ஆக, மாசிலாமணிக்கு வேண்டியது ஒரே ஒரு மதிப்பெண். முப்பத்தெட்டு வாங்கினால் அவர் அளவு இல்லை, சாதாரண மனிதர்; சான்றிதழ் உண்டு. முப்பத்தாறு வாங்கினால் உப்பளம். முப்பத்தேழே வாங்கினால், அப்போதும் உப்பளம்.

மறுசோதனை ஜூன் கடைசிச் சனிக்கிழமை, காலை பத்தரைக்கு. மூலப்படியைக் கூடம் மாற்றிச் சோதிக்க வேண்டும் என்பது விதி என்பதால், எங்கள் அலுவலகத்திலேயே நடந்தது. சவரிமுத்து காசிமேட்டிலிருந்து பன்னிரண்டு பிள்ளைகளைக் கூட்டிவந்து தரையில் உட்காரவைத்தான். அதே தேர்வாளர்கள், அதே நங்கூரம். பத்தே முக்காலுக்குக் கீழே மிளகாய் வண்டி வந்து நின்றது.

நாட்குறிப்பில் அன்றைக்கு 'கடும் நெடி' என்று எழுதியிருக்கிறேன். ஐந்து நிமிடத்தில் பிள்ளைகள் இருமின. சோமசுந்தரம் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். ஞானாபரணம் அம்மையார் கண்ணைத் திறக்காமலே குறிப்பு எழுதினார்.

"மூலக்கொத்தளம் சுடுகாட்டுல படுத்துனு கீறவங்கூட எந்துச்சித் தும்முவான் சார்" என்று சவரிமுத்து மூக்கைச் சிந்தினான்.

மாசிலாமணி மட்டும் நிறுத்தவில்லை. கண்ணில் நீர் வழிய, "கப்பலை ஓரிடத்தில் நிறுத்தி வைப்பது நங்..." என்றார். அறை முழுவதும் தும்மியது. அவர் வாயை அப்படியே வைத்துக்கொண்டு காத்திருந்தார். கடைசித் தும்மல் அடங்கியதும், "...கூரம்" என்றார்.

ஒரு சிறுமி கையைத் தூக்கி, "சார், நங்கூரத்தை யாரு புடிச்சினு நிப்பாங்க?" என்று கேட்டாள்.

"தரைதாம்மா" என்றார்.

பாடம் முடிந்தது. தாள்கள் என்னிடம் வந்தன. அம்மையார் முப்பத்தெட்டு, சோமசுந்தரம் முப்பத்தாறு. மேலிருந்து கீழே கூட்டினேன். எழுபத்துநான்கு. மறுபடியும் முப்பத்தேழு.

மாசிலாமணி என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார்.

"அதே தானா சார்?"

"எவ்வளவு?" என்றார் வரதராஜுலு. தனித்தனியான இரண்டு எண்களையும் சொன்னேன். கூட்டித் தொகை சொல்லவில்லை. அவருக்குக் கூட்டக் கணநேரம் போதும். பெட்டியில் பூட்டிய பித்தளைகூட இப்படி நிற்காது என்ற பெருமை அவர் முகத்தில் எழுவதைப் பார்த்தேன்.

மாசிலாமணி சுண்ணக்கட்டியை மேசைமேல் வைத்தார். குரலை உயர்த்தவில்லை.

"பதினோரு வருசமா அப்டியே நிக்கிறேன் அய்யா. சும்மா நிக்கிறேன்னு நெனச்சினு கீறீங்க. ரெயிலு போவுது, கூர ஆடுது, தீப்பெட்டிக் கம்பெனிப் பொக வருது, பாதிப் பசங்க பசியோட வருதுங்க. ஒரு மார்க்கு எறங்காம நிக்கறதுக்கே டெய்லி மல்லுக்கட்டணும். பித்தளப் படிய பொட்டில வெச்சிப் பூட்டினீங்க. என்ன எவன் பொட்டில வெச்சான்?"

வரதராஜுலு இருபது வருடம் கடைப் படிகளைப் பார்த்தவர். கடையில் புழங்கும் படி எத்தனை நாளில் தேயும் என்று அவரைவிட அறிந்தவர் இல்லை. அவர் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார். இரண்டு தாள்களையும் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். பென்சிலைக் கடைசி எண்ணில் வைத்துக் கீழிருந்து மேலே போனார். இருபது எண்கள். ஒவ்வொன்றிலும் நின்று போனார். கண்ணீர் தாளில் சொட்டியது.

"கீழிருந்து எனக்கு எழுபத்தாறு வருகிறது, ஏகாம்பரம்" என்றார்.

அவர் கூட்டலில் தவறு செய்து நான் பார்த்ததில்லை. எட்டு வருடத்தில் நானும் செய்ததில்லை.

"நீர் மேலிருந்து கூட்டும்."

தாள்களை வாங்கினேன். மேலிருந்து ஒவ்வொரு எண்ணாக இறங்கினேன். எழுபத்துநான்கு. இன்னொரு முறை இறங்கினேன். எழுபத்துநான்கு. மாசிலாமணி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எழுபத்தாறு, சார்" என்றேன்.

"ஒத்துவருகிறதா?"

"ஒத்துவருகிறது."

இரண்டும் ஒத்துவந்தால்தான் சிவப்பு மையைத் தொடலாம் என்பது விதி. தொட்டேன். 'முப்பத்தெட்டு. மூலப்படி மாறிவிட்டது. நீக்கப்படுகிறது' என்று எழுதினேன். வரதராஜுலு கையெழுத்துப் போட்டார். பிறகு மாசிலாமணி பக்கம் திரும்பி, "நீர் இனிமேல் சாதாரண மனிதர், போய் வாரும்" என்றார். சொல்லும்போது மறுபடி எழுந்து நின்றார்.

தேர்ச்சி எல்லை அச்சில் ஏறிவிட்டதால் முப்பத்தேழாகவே நின்றுவிட்டது. அடுத்த வருடமும் அதையே அச்சிட்டார்கள். அதற்கடுத்த வருடம் ஏன் என்று கேட்பாரில்லை. அந்த மறுசோதனைத் தாள்கள் அலுவலகத்தில் எங்கோ இருக்கும். காபி குடித்துவிட்டுப் போன இளைஞர்கள் தேடி எடுத்துக் கூட்டிப் பார்த்தால் எழுபத்துநான்குதான் வரும். அதைக் குறிப்பில் எழுதுவதா வேண்டாமா என்பதை அவர்களே பார்த்துக்கொள்ளட்டும்.

அடுத்த மார்ச்சில் காலடிப்பேட்டைப் பள்ளியின் ஆய்வு அறிக்கை என் மேசைக்கு வந்தது. புதிய ஆய்வாளர், ஆறாவது கையெழுத்து. மூன்றாம் வகுப்பு ஆசிரியரைப் பற்றி இரண்டே வரி.

'பரவாயில்லை. கரும்பலகை எழுத்து நூல் பிடித்தாற்போல் நேராக உள்ளது.'